பனிக்கரடி போதும், வெள்ளக்கோடு போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காலநிலை மாற்றத்தைக் கலை வழியாக மக்களிடம் கொண்டுசேர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2015 பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள் 12ஐக் கடிகார முகம்போல் வட்டமாக அடுக்கி உருகவிட்ட ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரின் படைப்பைக் கட்டுரையாளர் மிகவும் சிலாகித்திருந்தார். கூட்டம் கூடியது உண்மைதான். தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அதைவிட, 2007இல் நியூயார்க்கில் ஈவ் மோஷர் என்ற கலைஞர் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது. கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

கடல் மட்டத்துக்கு 10 அடி மேலே ஒரு கோடு இழுத்தால் அது எந்தெந்தத் தெரு வழியாகப் போகும் என்று அவர் வரைபடத்தில் பார்த்துக்கொண்டார். நம் ஊரில் கபடிக்குச் சுண்ணாம்பில் கோடு போடுவோமே, அதுபோல பேஸ்பால் மைதானத்துக்குக் கோடு போட அங்கே ஒரு தள்ளுவண்டி உண்டு. அதில் நீலப் பொடியை நிரப்பி, புரூக்ளினிலும் கீழ் மன்ஹாட்டனிலும் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டே போனார். மொத்தக் கோடு 100 கிலோமீட்டருக்கு மேல். இது என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் நின்று பேசினார். பெரும்புயல் வந்தால் தண்ணீர் இந்தக் கோடுவரை வரும், இனி அடிக்கடி வரும் என்று சொன்னார். கோடு போட்டதே அந்தப் பேச்சுக்காகத்தான். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது, அவர் கோடு போட்ட பகுதிகள் பலவற்றில் கடல் உள்ளே வந்துவிட்டது.

நம் பக்கம் நடப்பது வேறு. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி. ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால் நடுவராகக் கூப்பிடுவார்கள். பூமி உருண்டை வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு அழும். பாதி பச்சை, பாதி வெடித்த நிலம். துண்டுப் பனியில் ஒற்றைப் பனிக்கரடி. 2024இலும் இதே படங்கள்தான். வரைந்த பிள்ளைகளோ, அதற்கு முந்தைய டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில் மொட்டைமாடியில் இரவைக் கழித்தவர்கள்! காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது பாடத்தில் வந்தால் மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுவார்கள். தங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கும் அதற்கும் உறவு உண்டு என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒரு மாணவி மட்டும் மாடிப்படியின் கடைசிப் படியில் இரண்டு ஆடுகளையும், பரணில் அரிசி மூட்டையையும், கீழே தண்ணீரில் மிதக்கும் வாழைத்தாரையும் வரைந்திருந்தாள். ஆட்டின் கால் கொஞ்சம் கோணல். ஆனால் தண்ணீரின் நிறம் அச்சு அசல் தாமிரபரணி வெள்ளத்தின் செம்மண் நிறம். படத்தில் விழிப்புணர்வு வாசகம் இல்லையே என்று மற்ற நடுவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். முதல் பரிசு பனிக்கரடிக்குப் போனது.

என் யோசனை சின்னதுதான். பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் என்று எங்கெல்லாம் ஆட்கள் காத்து நிற்கிறார்களோ அங்கெல்லாம், 2023 டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். கோட்டுக்குக் கீழே அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை வரையட்டும். பாலத் தூண்களில் வெள்ள அளவு எழுதித்தானே இருக்கிறது என்பார்கள். அதைப் பார்ப்பது ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் மட்டும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபருக்குள் முடித்துவிடக்கூடிய வேலை இது. செலவு சில டப்பா பெயின்ட். ஊராட்சிகளும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் மனம் வைத்தால் போதும். வரைந்த சுவர்களின் படங்களைத் தங்கள் இதழ் வெளியிட்டால் மற்ற ஊர்களும் முன்வரும்.

வீட்டுச் சுவர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். மனை விலை போய்விடும் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.