இரண்டாவது லேப்டாப் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழியர் விவரம் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியை, லேப்டாப், மானிட்டர் கணக்கு வைக்கும் மென்பொருளோடு இணைத்துவிட்டால் யாரிடம் எது இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் படித்தேன். இணைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் அந்த இணைப்பைச் செய்தவனே நான்தான். ஆனால் ‘தானாக’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பியதால் ஒருவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலையை விட்டுப் போகும் நாளில் ஓர் இளைஞர் தன் லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை மூன்றையும் என் மேஜையில் வைத்தார். மென்பொருளில் அவர் பக்கத்தைத் திறந்தால் திரையில் இரண்டு லேப்டாப். “சார், இன்னொன்றை நான் பார்த்ததே இல்லை” என்றார். முகத்தைப் பார்த்ததும் நம்பினேன். ஆனால் திரையில் இருப்பதுதான் கணக்கு என்று மனிதவளப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். கடைசி மாதச் சம்பளம் நின்றுபோனது. மூன்று வாரம் கழித்து, ஸ்டோர் அறை அலமாரியில் பழைய கீபோர்டுகளுக்கு அடியில் அந்த லேப்டாப் கிடைத்தது. அடிப்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பாதி எண் தேய்ந்திருந்தது. சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்து, சீரியல் எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துத்தான் உறுதி செய்ய முடிந்தது.

நடந்தது இதுதான். அதே பெயர், அதே இனிஷியலோடு முன்பு ஒருவர் வேலை பார்த்தார். போகும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்; வாங்கியவர் மென்பொருளில் பதியவில்லை. டைரக்டரியில் அவருடைய அக்கவுண்டை அழித்துவிட்டோம். அப்புறம் இந்த இளைஞர் சேர்ந்தார். காலியாகத்தானே இருக்கிறது என்று அதே லாகின் பெயரை இவருக்குக் கொடுத்தோம். அன்றிரவு சின்க், அதாவது டைரக்டரியில் இருக்கும் விவரங்களை மென்பொருளுக்குக் கொண்டுவரும் வேலை, ஓடியபோது மென்பொருள் லாகின் பெயரை மட்டும் ஒப்பிட்டது. ஏற்கெனவே இருக்கும் ஆள் என்று எடுத்துக்கொண்டு, பழையவரின் பக்கத்திலேயே புதியவரின் மின்னஞ்சலையும் பணியாளர் எண்ணையும் எழுதிவிட்டது. பழைய லேப்டாப் முதல் நாளே இவர் தலையில் விழுந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சின்க் வெற்றி என்றுதான் பதிவாகியிருந்தது.

லாகின் பெயரை ஆளின் அடையாளமாக எடுத்தது எங்கள் தவறு. பெயரை மாற்றிக்கொள்பவர்களுக்கு அதுவும் மாறும். ஆக்டிவ் டைரக்டரி ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் ஆப்ஜெக்ட் ஜியுஐடி என்ற 128 பிட் எண்ணைத் தருகிறது. பெயரை மாற்றினாலும் வேறு பிரிவுக்கு நகர்த்தினாலும் அது அப்படியே இருக்கும். அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகத் திறந்தால் வேறு எண் வரும். அதை வைத்துப் பொருத்த மென்பொருளில் வழி இல்லையென்றால் பணியாளர் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். அதுவும் முடியாவிட்டால், ஒருவருக்குக் கொடுத்த லாகின் பெயரை இன்னொருவருக்கு எந்தக் காலத்திலும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். முடக்கிய அக்கவுண்டுகள் வர வேண்டாம் என்று ஃபில்டர் போடுவது பலருடைய வழக்கம். நானும் போட்டேன். ஆக்டிவ் டைரக்டரியில் சாதாரண அக்கவுண்டின் நிலை எண் 512. முடக்கினால் அதோடு 2 சேர்ந்து 514 ஆகிவிடும். அதை வடிகட்டியதால், விலகியவர்கள் விலகிய செய்தியே எங்கள் மென்பொருளுக்குப் போகவில்லை. வேலையில் இருப்பவர்களாகவே அங்கே நின்றார்கள். யார் கையில் பொருளோடு போனார் என்பதைத்தானே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்? இப்போது ஃபில்டரை எடுத்துவிட்டேன். அவர்களும் ‘விலகியவர்’ என்ற குறியோடு பட்டியலில் வருகிறார்கள்.

மற்றவை சிறிய விஷயங்கள்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டைரக்டரியோடு 389ஆம் போர்ட்டில் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) மறையாக்கம் இல்லாமல் சாதாரணமாக இணைத்தால் பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் அப்படியே வெளிப்படையாகப் போகும். சர்டிஃபிகேட் போட்டு, மறையாக்கத்தோடு 636ஆம் போர்ட்டில் இணைப்பது நல்லது. இணைப்புக்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனி அக்கவுண்ட் போதும், அட்மின் அக்கவுண்ட் வேண்டவே வேண்டாம். சின்க் முடிந்ததும் தலைகளை எண்ணுங்கள். சரியாக 1000 பேர் வந்திருந்தால் மீதிப் பேர் விடுபட்டிருக்கலாம். ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ஒரு தேடலுக்கு 1000 பதிவுகள் வரைதான் தரும். மீதியும் வர, பகுதி பகுதியாகக் கேட்கும்படி மென்பொருளை அமைக்க வேண்டும்.

இந்த இணைப்புக்குப் பயன்படும் எல்டாப் முறையின் முதல் வரையறை 1993இல் வந்தது. ஆட்களின் விவரங்களைத் தேடிப் பார்க்க உதவும் முறை அது. யார் இருக்கிறார் என்று சொல்லும். யார் எதைத் திருப்பிக் கொடுத்தார் என்பதை ஒருவர் உட்கார்ந்து பதிந்தே ஆக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இப்போது, விலகும் நாளன்றே அக்கவுண்டை முடக்குகிறோம். அவர் பக்கத்தில் ஒரு பொருளும் மீதி இல்லை என்று பார்த்த பிறகுதான் அழிக்கிறோம். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது இந்த வரிசையையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இளைஞருக்குச் சம்பளம் கிடைத்துவிட்டது. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். தன் பெயரில் எந்தப் பொருளும் பாக்கி இல்லை என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அன்றே தந்தோம். இப்போது விலகும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கடிதத்தைத் தருகிறோம், சீரியல் எண்ணோடு.

இப்படிக்கு,
ஒரு கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்