தெரபி அறையின் கதவைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 நெருங்கினால் ஆட்டிசம் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, விரல் நீட்டிக் காட்டாது என்று அறிகுறிகளை அடுக்கி, உடனே மருத்துவரைப் பாருங்கள் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. மருத்துவரைப் பார்த்தாயிற்று, அறிக்கையும் கைக்கு வந்தாயிற்று. மறுநாள் காலையிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி கிடைக்க வேண்டும், கிடைப்பது உருப்படியான உதவிதானா என்று எப்படிக் கண்டுகொள்வது? இதே துறையில் வேலை செய்கிறவர்கள் என்பதால் எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

பல தெரபி மையங்களில் குழந்தையை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். 45 நிமிடம் கழித்து, "இன்னிக்கு நல்லா உட்கார்ந்தான்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார்கள். வாரம் 3 செஷன் என்றாலும் மொத்தம் இரண்டேகால் மணி நேரம்தான். குழந்தை விழித்திருப்பதோ வாரத்தில் 80 மணி நேரத்துக்கு மேல். அதோடு, ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை வேறிடத்தில் வேறொருவரிடம் செய்து காட்டுவது எளிதல்ல. மையத்து மேசையில் பத்து நிறம் சொல்லும் குழந்தை வீட்டில் ஒன்றுகூடச் சொல்லாமல் இருக்கலாம். அப்போது, "வீட்டுல நீங்க பழக்கறதே இல்ல" என்று பெற்றோர்மேல் பழி போடுவது அநியாயம். எப்படிப் பழக்குவது என்று அவர்களுக்கு யார் காட்டினார்கள்?

காட்டுவதற்கு வழி இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பத்தாருக்காக வகுத்த பயிற்சியில் 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் உண்டு. நிபுணர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று அதை நடத்தலாம். பிரிட்டனில் உருவான 'பேக்ட்' முறையில், பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, தெரபிஸ்டும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கிறார்கள். குழந்தை பொம்மையைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பும் அந்த ஒரு நொடியில் படத்தை நிறுத்தி, அப்போது அம்மா என்ன சொன்னார், காத்திருந்தாரா, முந்திக்கொண்டாரா என்று பேசுகிறார்கள். இதன் பலன் ஏறக்குறைய 6 ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிந்ததாக 2016-ல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது.

மூடிய கதவால் அதிகம் இழப்பவை பேசாத குழந்தைகளின் குடும்பங்கள். பேச்சு வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பாண்டி, ஃபிராஸ்ட் என்னும் இருவர் 1985-ல் உருவாக்கிய 'பெக்ஸ்' என்னும் படப் பரிமாற்ற முறையில் 6 கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்துக்கே பெரியவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் குழந்தைக்கு எதிரே, அதற்கு மிகவும் பிடித்த பொருளோடு, சோப்புக் குமிழிப் புட்டி என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால். குழந்தை புட்டியை நோக்கிக் கை நீட்டியதும், பின்னால் இருப்பவர் வாயைத் திறக்காமல் அந்தக் கையைப் பிடித்து, குமிழிப் படத்தை எடுத்து எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் போட உதவுகிறார். படம் விழுந்த கணமே "குமிழி!" என்று சொல்லி ஊத வேண்டும்.

"என்ன வேணும்?", "படத்தைக் குடு" என்றெல்லாம் இந்தக் கட்டத்தில் கேட்கவே கூடாது. கேட்டுப் பழக்கினால், யாராவது கேட்கும்வரை குழந்தை சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளும். தானாகப் போய்க் கேட்பதுதான் இங்கே பாடம். கேள்விக்குப் பதில் சொல்வது ஐந்தாம் கட்டத்தில்தான் வருகிறது. பின்னால் இருப்பவரின் உதவியைக் கடைசி அசைவிலிருந்து குறைத்துக்கொண்டு வர வேண்டும். முதலில் படத்தைக் கையில் விடுவதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள், பிறகு கையை நீட்டுவதை, கடைசியாகப் படத்தை எடுப்பதை.

வீட்டில் இது சறுக்கும் இடங்கள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்யப் பார்ப்பார். முதல் வாரமே முப்பது படங்களைப் பரப்புவார்கள். படங்களைப் பிரித்தறிவது மூன்றாம் கட்டத்தில்தான். கிழிந்துவிடும் என்று படப் புத்தகம் அலமாரி உச்சிக்குப் போகும். சேட்டை செய்தால் தண்டனையாகப் புத்தகத்தைப் பிடுங்குவார்கள். அது குழந்தையின் வாயைப் பொத்துவது. இன்னொரு குறை, படங்கள் எல்லாமே கேட்டு வாங்கும் பொருள்களாக இருப்பது. 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்குது' மூன்றும் சீக்கிரமே வர வேண்டும். படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் செயலி வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். ஆனால் உதவியாளர் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தட்ட வைக்கும் முறையை ஏற்காதீர்கள். சோதித்துப் பார்த்தபோது வெளிவந்தவை உதவியாளரின் சொற்களாகவே இருந்தன.

அடுத்தது, குடும்பங்களை ஆட்டிவைக்கும் விஷயம்: அடிப்பது, கடிப்பது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வது. திடீரென்று தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு இவற்றில் ஏதாவது இருக்கிறதா? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம், பருவ வயதில் புதிதாகவும் வரலாம். உடம்பில் ஒன்றுமில்லை என்றான பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரம், ஒவ்வொரு முறையும் நேரம், சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், எவ்வளவு நேரம், உடனே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். 'கத்தினான்' என்று எழுதினால் பயனில்லை. 'டிவியை அணைத்ததும் 4 நிமிடம் கத்தினான், திரும்பப் போட்டதும் நின்றது' என்றால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது.

பொருள் வேண்டும், கவனம் வேண்டும், செய்கிற வேலையிலிருந்து தப்ப வேண்டும், உடம்புக்கு அந்த உணர்வே வேண்டும் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பாடத்திலிருந்து தப்பக் கடிக்கும் குழந்தையைத் தண்டனையாக மூலையில் உட்கார வைத்தால், அது கேட்டதைக் கொடுத்ததாகிவிடும். அதற்குப் பதில் 'ஓய்வு' அட்டையைக் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். தொடக்கத்தில் அட்டை நீட்டும் ஒவ்வொரு முறையும் ஓய்வு தர வேண்டும். பழைய வழி பலிக்காமல் போகும்போது கடிப்பதும் கத்துவதும் சில நாள் முன்பைவிட அதிகமாகலாம், பிறகுதான் தணியும். இதை முன்கூட்டியே சொல்லாத தெரபிஸ்டால், குடும்பம் மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்துவிடுகிறது. இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் நிலைகுலைவது வேறு. அது பிடிவாதம் இல்லை. அப்போது பேச்சைக் குறைத்து, விளக்கைத் தணித்து, பக்கத்தில் இருந்தால் போதும்.

பூரண குணம் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையில் 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுச் சிறுவன் இறந்தான். உங்கள் விளம்பரப் பக்கத்திலும் இத்தகையவற்றுக்கு இடம் தராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

குழந்தைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மையத்தின் குறிக்கோள்கள் மாறியிருக்க வேண்டும். அப்போதும் மணி கோத்துக்கொண்டும் நிறம் பிரித்துக்கொண்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள். குளிப்பது, கழிவறைக் கதவைச் சாத்துவது, மாதவிடாய்க்கு நாப்கின் மாற்றுவது, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பது, இவற்றையெல்லாம் சிறு படிகளாக உடைத்து, பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கலாம். கால்சட்டையை முழங்கால்வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விட்டால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த திருப்தி பிள்ளைக்கே கிடைக்கும்.

பெற்றோருக்கு ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளையை நம்பி விட்டுச் செல்ல ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். சித்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ சம்மதித்தாலும் என்ன செய்வதென்று தெரியாமல் பயப்படுகிறார்கள். ஒவ்வொரு மையமும் ஆண்டுக்கு இரண்டு முறை, பெற்றோரோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதித் தரட்டும்: வேண்டியதை எப்படிக் கேட்பான், எந்தச் சத்தம் ஆகாது, பதற்றத்தின் முதல் அறிகுறி என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது, என்ன மருந்து எத்தனை மணிக்கு, கதவைத் திறந்தால் ஓடுவானா, தண்ணீரைக் கண்டால் இறங்குவானா. கடைசி இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர்