சாலைக்கு முன்னே சாக்கடைக் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

2019-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஓசூரில், புறநகர் மனைப்பிரிவுகள் பெருகும் வேகத்துக்கு ஈடாகப் பாதாளச் சாக்கடையும் விரிவடைய வேண்டும். கழிவுநீர் பெரும்பாலும் நிலத்தின் சரிவை நம்பியே ஓடுவதால், குழாய் செல்லும் ஆழத்தையும், தாழ்வான பகுதியில் தேங்கும் கழிவுநீரை மேலேற்றும் உந்து நிலையம் அமைக்கத் தேவையான இடத்தையும் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே உறுதிசெய்யாவிட்டால், பின்னர் புதுச்சாலைகளைத் தோண்டுவதும் நிலம் தேடி அலைவதுமே மிஞ்சும். பெங்களூருக் கழிவுநீரால், ஓசூர் அருகே தென்பெண்ணையாற்றில் உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைக் கண்டு வேதனைப்படும் நாம், நம் ஏரிகளுக்கு அதே தீங்கை இழைக்கலாகாது. எங்கள் தெருவில் கழிவுநீர் லாரியை அழைக்காத மாதமே இல்லை. அதில் ஏற்றிச் செல்லும் கழிவுநீர் எங்கே கொட்டப்படுகிறதோ என்று மனம் பதைக்கிறது. எனவே, புதிய மனைப்பிரிவுகளில் தார்ச்சாலை போடுவதற்கு முன்பே கழிவுநீர்க் குழாய் பதிப்பதை மாநகராட்சி கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஓசூர்