பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டம்: அளவெடுக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் அளவுப் படங்களும் நிழற்படப் பதிவும் நிறைவாக முடிந்திருக்கின்றன. தோட்டம் முழுவதற்கும் 1:200 அளவில் ஒரு தரைப்படம், ஒவ்வொரு கல்லறைக்கும் 1:20 அளவில் மேல்தோற்றமும் பக்கத் தோற்றமும், செதுக்கு வேலை மிகுந்த கற்களுக்கு 1:5 அளவில் தனிப் படம் என்று தொகுத்திருக்கிறோம். யார் யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தால், நாளை சதுரங்கப்பட்டினத்திலோ நாகப்பட்டினத்திலோ இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும். அதனால்தான் இந்த மடல் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. உதவியவர்களின் பெயர்களை அச்சிடாமல், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, "அதைத் தொடாதீர்கள், இதைச் செய்யாதீர்கள்" என்று எங்கள் கையைப் பிடித்து நிறுத்தியவர்களுக்கு. பழைய கல்லறைகளை வெயிலும் மழையும் கெடுப்பது உண்மைதான். ஆனால் நல்லெண்ணத்தோடு வாளியும் தேய்ப்பானும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரே நாளில் செய்துவிடும் சேதத்தை மழை செய்ய நூறு ஆண்டுகள் ஆகும்.

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். உள்ளே அளவெடுக்க இசைவு தந்த அலுவலர்களுக்கு நன்றி. அதே அளவு நன்றி தோட்டத்தைச் சுற்றிக் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் உரியது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். கூரையை மாற்றக்கூட யோசித்து நிற்கும் வீடுகள் அவை. இந்தக் கற்களைக் காப்பதற்கான செலவில் ஒரு பங்கை அவர்கள் தினமும் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நமக்கு முன்பே இங்கே அளவுகோலோடு வந்தவர்களையும் நினைக்க வேண்டும். மதராஸ் மாகாணத்துத் தொல்லியல் அளவையாளர் அலெக்சாண்டர் ரீ, டச்சுக் கம்பெனியின் சின்னங்களை வரைந்து 1897-இல் வெளியிட்டார். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணம் முழுவதிலும் உள்ள கல்லறை எழுத்துகளைத் திரட்டி 1905-இல் பதிப்பித்தார். ஒரு கல்லில் இன்று எழுத்து மழுங்கியிருந்தால், அது எப்போது மழுங்கியது என்று ஓரளவுக்காவது சொல்ல இந்த இரண்டும்தான் ஆதாரம். இவற்றைத் தேடி எடுத்துத் தந்த நூலகப் பணியாளர்களுக்கு எங்கள் வணக்கம்.

ஊரின் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1613-இல் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை இங்கே எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்குப் போய், 1781-இல் அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் நிலை மாறியது. 1825-இல் பழவேற்காடும் முழுமையாக ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று மண்மேடும் மரமுமாகக் கிடக்கிறது. அந்தக் காலத்தின் கட்டடக்கலையைக் கண்ணால் பார்க்க எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தத் தோட்டம்தான்.

இதைக் கற்கள் கிடக்கும் காலிமனையாகப் பார்க்காமல் திட்டமிட்ட ஓர் அமைப்பாகப் பார்க்கக் கற்றுத்தந்தவர் ஒரு நிலத்தோற்ற வடிவமைப்பாளர். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு உருவங்கள் நிற்கின்றன. 'நீயும் இப்படித்தான் ஆவாய்' என்பது அந்தக் காலத்து ஐரோப்பியர் தங்கள் கல்லறைகளில் ஓயாமல் சொன்ன செய்தி. மண்டையோடு, குறுக்கு எலும்பு, மணற்கடிகை எல்லாம் அதே சொல்லின் வெவ்வேறு எழுத்துகள். வாசலைத் தாண்டினால் கண் முதலில் போவது செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நிற்கும் கூம்புகளுக்கும் மாடங்களுக்கும்தான். தரையோடு கிடக்கும் மூடுகற்கள் பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் தெரியும். தூரத்துப் பார்வைக்கு ஒன்று, கிட்டத்துப் பார்வைக்கு ஒன்று என இரண்டும் வேண்டும் என்பதால், அவர் சொன்னபடி தரைப்படத்தோடு நிறுத்தாமல், மதிலோடு மதிலாகத் தோட்டத்தைக் குறுக்கே வெட்டிய இரண்டு தோற்றங்களையும் சேர்த்தோம். மரங்களை வட்டமாகப் போட்டுவிட்டுப் போகாமல், அடிமரத்தின் சுற்றளவையும் இலைப்பரப்பின் விளிம்பையும் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னவரும் அவரே. எந்தக் கல் எந்த மரத்தின் சொட்டு நீருக்குக் கீழே இருக்கிறது என்பது அந்த விளிம்பை வைத்துத்தான் தெரியும்.

மூடுகற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஹாலந்தில் வசதி படைத்தவர்களைத் தேவாலயத்துக்கு உள்ளேயே புதைத்தார்கள். குடும்பச் சின்னமும் பெயரும் செதுக்கிய பெரிய கற்பலகை தேவாலயத் தரையின் ஒரு பகுதியாகவே கிடக்கும். அதே வகைக் கல்தான் இங்கே திறந்த வானத்தின் கீழ் கிடக்கிறது. கூரைக்குள் இருக்க வேண்டிய வடிவம் வடகிழக்குப் பருவமழையில் நனைகிறது. அதனால் என்ன ஆகிறது என்பதைக் காட்டியவர் மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர். கல்லின் ஓரத்தில் விரல்கடை அளவு விளிம்பு எழும்பி நிற்கிறது. எழுத்துகளும் புடைப்பாக இருக்கின்றன. எழுத்துக்கு இடைப்பட்ட பகுதியைத்தான் உளியால் தாழ்த்தியிருக்கிறார்கள். ஆக, கல் முழுவதும் ஒரு தாம்பாளம். மழை பெய்தால் தண்ணீர் வழிய இடமில்லாமல் எழுத்துகளைச் சுற்றித் தேங்குகிறது. அதில் இலை விழுந்து ஊறிக் கறை படிகிறது. வெயில் வந்ததும் தண்ணீர் ஆவியாகி, கரைந்திருந்த உப்பும் தூசும் எழுத்தின் அடிவாரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. எழுத்தின் உச்சி நடந்தவர் காலடியில் தேய்கிறது, அடி தேங்கிய நீரில் அரிக்கிறது. இரண்டும் வேறு வேறு சேதம், படத்தில் வேறு வேறாகக் குறிக்க வேண்டும் என்றார் சிற்பி ஐயா. விளிம்பில் ஒரு காடி வெட்டித் தண்ணீரை வெளியேற்றலாமே என்று கேட்பவர்களுக்கு அவர் பதில்: கல்லில் புதிதாக உளி படவே கூடாது, மழை விட்டதும் பஞ்சால் ஒற்றி எடுங்கள், போதும்.

அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் தோட்டத்தைப் பராமரிக்கும் அண்ணன். கல்லை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் புல்லையும் அவரே அரிவாளால் கையாலேயே அறுக்கிறார். நைலான் நரம்பு சுழலும் புல்வெட்டும் இயந்திரம் கல்லின் ஓரத்திலோ காரையிலோ பட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு வடு. இரண்டு மூன்று ஆண்டில் காரையின் அடிப்பகுதி முழுவதும் பெயர்ந்துவிடும். கல்லறைப் பராமரிப்பில் யார் கண்ணிலும் படாத, மிக முக்கியமான வேலை இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எழுத்துகளைப் படமெடுத்தது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். சுண்ணக்கட்டி, மாவு, திருநீறு எதையும் கல்லில் பூசக்கூடாது. தூள் நுண்துளைகளில் தங்கிவிடும், மாவு பூஞ்சையை வளர்க்கும். தாள் வைத்துக் கரியால் தேய்த்துப் படியெடுப்பதும் கூடாது. செதில் விட்டிருக்கும் பரப்பு அந்த அழுத்தத்திலேயே உதிரும். வேண்டியது சாய்ந்த வெளிச்சம் மட்டுமே. உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் கல், காலை ஏழு மணிச் சூரியனில் ஒவ்வொரு எழுத்தையும் நிழலோடு காட்டும். பகலில் எடுக்க வேண்டியிருந்தால், கல்லுக்கு மேலே நிழல் கட்டிவிட்டு, மின்விளக்கைக் கல்பரப்புக்கு 10 முதல் 15 பாகைச் சாய்வில் தரையோடு பிடிக்க வேண்டும். கேமராவை அசைக்காமல் நான்கு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி விளக்கைப் பிடித்து எடுத்தால், ஒரு படத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும். நிழல் கட்ட நாங்கள் கொண்டுபோன தார்ப்பாய் நீல நிறத்தை எல்லாப் படத்திலும் அப்பியது. அதைப் பார்த்துவிட்டுப் பனையோலை முடையும் அக்காமார் தங்கள் பாய்களைத் தந்து உதவினார்கள். ஓலைக்குச் சாயம் கிடையாது, காற்றிலும் சடசடக்காது. தொகுப்பில் உள்ள நல்ல படங்களில் பெரும்பாலானவை அந்தப் பாய்களின் நிழலில் எடுத்தவை.

பழைய டச்சு எழுத்தை வாசித்துத் தந்த பேராசிரியர் அம்மாவுக்கு நன்றி. இறந்த தேதியை வாசிக்கும்போது தமிழ்நாட்டில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றை அவர் திருத்தினார். மாதப் பெயருக்குப் பதில் 7, 8, 9 என்ற எண்ணோடு 'பெர்' என்ற ஒட்டு இருந்தால் அது ஏழாம், எட்டாம், ஒன்பதாம் மாதம் அல்ல. செப்டம்பர், அக்டோபர், நவம்பர். இந்த இரண்டு மாதப் பிசகு நுழைந்துவிட்டால், கப்பல் பதிவேட்டோடு ஒப்பிடும்போது ஆளே மாறிப்போவார்.

அளவெடுப்பில் பொன்னேரிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் எங்களுக்கு ஆசானாக இருந்தார். தரைமட்டம் பார்க்க அவர் பயன்படுத்தியது நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயான டியூப் லெவல் மட்டுமே. குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நகர வேண்டும். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் கட்டி மட்டம் எடுத்ததில், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்பது படத்திலேயே தெரிகிறது. நீளத்துக்கு எஃகு நாடாதான். துணி நாடா இழுத்தால் நீளும். எஃகும் வெயிலில் 20 பாகை சூடேறினால் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும் என்பதால், பெரிய அளவுகளைக் காலையிலேயே முடித்துவிட்டோம். கல்லுக்குக் கல் தனித்தனியாக அளந்து கூட்டாமல், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து நாடாவை எடுக்காமல் தொடர்ந்து வாசிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்தால் ஒவ்வொரு துண்டின் பிசகும் சேர்ந்துகொண்டே போகும்.

சுண்ணாம்பைப் பற்றி அவர் சொன்னவை தொகுப்பில் தனிப் பகுதியாக இருக்கின்றன. சுருக்கம் இது: ஏரிக்கரை ஊர், நிலத்தடி நீரில் உப்பு. செங்கல் அந்த நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புக் காரை மூச்சுவிடும், ஈரத்தை வெளியே விட்டுவிடும், உப்புப் பூத்துத் தானே உதிர்ந்து செங்கல்லைக் காக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. ஓதம் இன்னும் மேலே ஏறி, உப்புச் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, செங்கல் பொரிந்து மாவாகிவிடும். வெளியே சிமெண்ட் உறுதியாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பழைய கலவை எது என்று தெரிய வினிகர் விட்டுப் பார்ப்பதும் பயனில்லை, சுண்ணாம்பு, சிமெண்ட் இரண்டுமே நுரைக்கும். உதிர்ந்து கிடக்கும் துண்டை நகத்தால் கீறிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பழுது பார்ப்பதாக இருந்தால் நன்றாக நீற்றி, சலித்து, குறைந்தது இரண்டு வாரமாவது ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. நீறாத கட்டி ஒன்று கலந்துவிட்டாலும் பின்னால் அது ஊதி வெடித்துக் குழி விழும்.

மாடங்களின் இணைப்பில் முளைக்கும் அரசங்கன்றைப் பற்றி எச்சரித்தவர் தாவரவியல் ஆசிரியர் ஒருவர். பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். மேலே வெட்டிவிட்டால் அடிவேர் பருத்து, மறுபடி துளிர்த்து, விரிசலை அகலமாக்கும். வெட்டிய உடனே வெட்டுவாயில் மட்டும் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவி, வேர் முழுவதும் மடிந்த பிறகே எடுத்து, இடைவெளியைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்ப வேண்டும். இது துறையின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை என்பதால், கன்று இருக்கும் இடங்களைப் படத்தில் குறித்து ஒப்படைத்திருக்கிறோம்.

சாய்ந்த கற்களை நிமிர்த்தித் தருகிறோம் என்று முன்வந்த இளைஞர்களின் மனசுக்கும் நன்றி. ஆனால் தயவுசெய்து கடப்பாரை வேண்டாம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனமுள்ள கருங்கல் ஏறத்தாழ 800 கிலோ. ஒரு மூலையில் நெம்பினால் அந்த எடை முழுவதும் நடுவில் வந்து நிற்கும். கீழே செங்கல் அடித்தளம் எலி வளையால் குடைபட்டிருந்தால் கல் இரண்டாகப் பிளந்துவிடும். அமிலம், பிளீச்சிங் பவுடர், கம்பித் தூரிகை ஆகியவையும் அப்படியே. அமிலம் சுண்ணாம்பைத் தின்னும், கருங்கல்லில் துருக்கறை ஏற்றும். பிளீச்சிங் உப்பை விட்டுப்போகும். கம்பித் துகள் கல்லில் மாட்டித் துருப்பிடிக்கும்.

தண்ணீர், தேநீர், நிழல், ஏணி, மிதிவண்டி தந்த எல்லோருக்கும் நன்றி. நாடாவின் மறுமுனையைச் சளைக்காமல் பிடித்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். விரிசல்களின் அகலத்தை அளவு அட்டையால் பார்த்து, இடத்தோடு பதிந்திருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை, மழை முடிந்த தை மாதத்திலும் மண் காய்ந்திருக்கும் வைகாசியிலும், அதே இடங்களை மறுபடி பார்க்க வேண்டும். தையைத் தையோடும் வைகாசியை வைகாசியோடும்தான் ஒப்பிட வேண்டும். மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், பருவம் மாற்றி ஒப்பிட்டால் இல்லாத ஆபத்துத் தெரியும், இருக்கும் ஆபத்து மறையும். இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய ஊரிலேயே இருக்கும் இரண்டு பேர் கிடைத்தால், அட்டையையும் குறிப்பேட்டையும் கொடுத்துப் பழக்கிவிடத் தயாராக இருக்கிறோம். தோட்டத்தில் எடுத்த பழைய குடும்பப் படங்கள் யாரிடமாவது இருந்தால், பின்னணியில் ஒரு கல்லறையின் மூலை தெரிந்தாலும் போதும், ஒரு பிரதி எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள்.

நன்றியுடன்,
அளவுப் பதிவுக் குழுவினர்