எங்களுக்காக நின்றவர்களுக்கு, பறை திரும்பி வந்த பிறகு எழுதுவது

எல்லாருக்கும் வணக்கம். டாஸ்மாக் கடைக்கு எதிராகப் பறை அடித்துப் பாடியதற்காக எங்கள் மேல் போட்ட வழக்கில் போன மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. நாலு பேருக்கும் விடுதலை. அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், யாரை முதலில் சொல்வது, யாரை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எழுதி எழுதி அழித்ததுதான் மிச்சம். இப்போதும் யாராவது விட்டுப்போயிருந்தால் மன்னியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளை மூட வேண்டி வந்தது. மூடிய கடைகளை ஊருக்குள்ளே, வயல் ஓரத்திலே திறக்கப் பார்த்தார்கள். அந்தக் கோடை முழுக்கப் பெண்கள் ஊர் ஊராகக் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்த அக்காமார்கள் கூப்பிட்டுத்தான் நாங்கள் பறையோடு போனோம். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் மேல் போட்டது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் 143, 188, 294(பி), அப்புறம் 353. அரசு ஊழியரைத் தாக்கி வேலை செய்ய விடாமல் தடுத்தோம் என்பது அந்தக் கடைசிப் பிரிவு, அதற்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடையாது. எங்கள் கையில் இருந்தது பறை அடிக்கும் அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும்தான். பதினொரு நாள் கிளைச் சிறையில் இருந்தோம்.

சிறையில் முதல் ராத்திரி எனக்குத் தைரியம் கொடுத்தது கோவன் அண்ணனின் நினைப்பு. மக்கள் கலை இலக்கியக் கழகத்தில் (ம.க.இ.க.) பாடும் அந்த மனிதரை 2015 அக்டோபர் 30 அன்று, விடிவதற்கு முன்னாலேயே திருச்சி வீட்டுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு போனார்கள். ‘மூடு டாஸ்மாக்கை மூடு’ என்று பாடியதற்குத் தேசத் துரோகம், 124ஏ. அப்போது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய பிரிவாக இருந்தது அது. அதே வருஷம் ஜூலையில்தான் மதுக்கடையை மூடச் சொல்லிப் போராடிய சசிபெருமாள் ஐயா மார்த்தாண்டம் பக்கம் உயிரை விட்டிருந்தார், ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாட்டை அடக்க நினைத்தார்கள், அதுவரை கேட்காதவன்கூடத் தேடிக் கேட்டான். நவம்பரில் ஜாமீனில் வந்தார், திரும்பவும் பாடினார், 2018 ஏப்ரலில் ராம ராஜ்ய ரத யாத்திரையைப் பற்றிப் பாடியதற்கு மறுபடியும் பிடித்தார்கள். அண்ணே, எங்களை உங்களுக்குத் தெரியாது. உங்கள் குழுவுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் நன்றி.

வழக்கை நடத்திய வக்கீல் அம்மா ஒரு பைசா வாங்கவில்லை. ஏழு வருஷத்துக்கு மேல் எத்தனை வாய்தா என்று எண்ணக்கூட விட்டுவிட்டோம், ஒன்றுக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. குறுக்கு விசாரணை அன்று கடுமையான காய்ச்சலோடு வந்து நின்றார்.

எனக்கு அதிகம் சொல்ல வேண்டியது ஜாமீன் கொடுத்தவர்களைப் பற்றி. ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் மூன்று நாள் உள்ளேயே இருந்தோம், ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், எட்டுப் பேருக்கு எங்கே போவது? சொந்தக்காரர்களே போனை எடுக்கவில்லை, அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. அப்போதுதான் கடை வாசலில் எங்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா மஞ்சள் பையில் வீட்டு வரி ரசீதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி நீதிமன்றத்துக்கு வந்தார். அவருடைய ஓட்டு வீடு ஒன்றுதான் அவருக்கு உள்ள சொத்து. குமாஸ்தா, ‘பையன் ஓடிட்டா பணம் நீங்க கட்டணும்மா’ என்று விளக்கியிருக்கிறார். ‘எங்க தெருவுக்குப் பாட வந்த புள்ள, எங்க ஓடப்போகுது’ என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்திருக்கிறார். அந்த மை கட்டைவிரலில் இருக்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார் அக்கா. அவர் வந்ததைப் பார்த்து அதே தெருவிலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். மீதி இரண்டு பேர் கல்லூரி ஆசிரியர்கள், வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தே வந்தவர்கள்.

ஜாமீன் நிபந்தனைப்படி முப்பது நாள் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஸ்டேஷன் எதிரே டீக்கடை வைத்திருந்த பாய் ஒருநாளும் எங்களிடம் காசு வாங்கவில்லை. பத்திரிகையில் எழுதியவர்கள், இணையத்தில் பகிர்ந்தவர்கள், பெயர் போடாமல் நூறும் இருநூறும் அனுப்பியவர்கள், உங்கள் எல்லாருக்கும் நன்றி. வரவு செலவு முழுவதையும் எழுதி வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் அனுப்புகிறேன். மிச்சம் 2,340 ரூபாயை வேறொரு ஊரில் இதே மாதிரி வழக்கில் இருக்கும் தம்பிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

கடைசியாகப் பறை. வழக்குச் சொத்து என்று இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்தார்கள். வாங்கிப் பார்த்தால் தோலை எலி கடித்திருந்தது, மரச்சட்டம் மட்டும் நன்றாக இருந்தது. எங்களுக்குப் பறை செய்து கொடுக்கும் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் புதுத் தோல் இழுத்துக் கட்டிக் கொடுத்தார், கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அக்கா, வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் தெருவுக்கு வருகிறோம். பறையைக் காய்ச்சக் கொஞ்சம் வைக்கோல் மட்டும் எடுத்து வையுங்கள். அன்று பாதியில் நின்ற பாட்டிலிருந்து தொடங்குகிறோம்.