பி.ஏ. வரலாற்றுக்கும் செய்முறை வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செய்முறை வகுப்பு என்றாலே இயற்பியல், வேதியியல் என்றுதான் நம் கல்லூரிகள் நினைக்கின்றன. வரலாறு, தமிழ், பொருளியல் படிப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு சுற்றுலாவும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய அறிக்கையும்தான். கல்வெட்டுகள் உள்ள பிள்ளையார்பட்டியும் திருமயமும் குடுமியான்மலையும் பேருந்து தூரத்தில் இருக்கும் செட்டிநாட்டில் இது பெரிய இழப்பு.

கல்வெட்டு மைப்படி எடுப்பதையே, அதாவது கல்லில் வெட்டிய எழுத்தை மையால் தாளில் நகல் எடுப்பதையே பாருங்கள். முதலில் தண்ணீரும் நார்ப் பிரஷும் கொண்டு கல்லைக் கழுவ வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் அடைந்திருந்தால் படியில் எழுத்து விழாது. அதற்காக ஆசிட், உளி பக்கமே போகக் கூடாது. பிறகு மேப்லித்தோ என்னும் அச்சுத் தாளை நனைத்துக் கல்லில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிரஷால் தட்ட வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் காற்று நடுவில் மாட்டிக் கொப்புளம் விடும். அந்த இடத்தில் இரண்டு மூன்று எழுத்து போய்விடும். ஈரம் பாதி வாடியதும், பஞ்சைத் துணியில் கட்டிய பந்தால் மையை மெல்ல ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். தாள் சொதசொதவென்று இருக்கையில் ஒற்றினால் மை ஊறிப் பள்ளத்தையும் நிரப்பிவிடும். அதிகம் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பும். நம் ஊர் வெயிலில் இந்தப் பக்குவம் சில நிமிஷம்தான் நிற்கும், அதனால் அதிகாலையே நல்லது. உரித்தவுடன் தாளின் பின்புறம் ஊர், கோயில், எந்தச் சுவர், தேதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவிட வேண்டும். எழுதாத படி யாருக்கும் பயன்படாது.

படித்துப் பார்க்கும்போதுதான் பாடமே தொடங்குகிறது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இருக்காது, காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 'கொன' என்று வெட்டியிருப்பதைக் 'கோன்' என்று படிக்க இலக்கணமும் வேண்டும், முன்பின் வரிகளும் வேண்டும். நில அளவு வந்தால் கணக்கும் வேண்டும்: மா 20இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, முந்திரி 320இல் ஒரு பங்கு. இந்தக் குறில் நெடிலைப் பிரித்துக் காட்டிய வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதை இப்படித் தடுமாறிப் படித்த மாணவர் ஒருநாளும் மறக்க மாட்டார்.

பொருளியல் மாணவர்களுக்கு நகரத்தார் வீட்டுப் பேரேடுகள் இருக்கின்றன. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்ற குறிகளை ஒரே வாரத்தில் பழகிவிடலாம். ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்; 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1889ஆ, 1949ஆ? ரங்கூன் கடைக்கு மாதாமாதம் வட்டி வரவு ஓடிக்கொண்டிருந்தால் 1889 என்று கொள்ளவே இடம் அதிகம். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்த பிறகு நகரத்தார் அங்கே நடத்திய வட்டித் தொழில் நொறுங்கிவிட்டது. ஒரு வரவு வரியை வைத்து இப்படி வாதாடக் கற்றவர், பிற்பாடு எந்த அலுவலகக் கோப்பையும் கேள்வி கேட்டுத்தான் படிப்பார்.

50 நிமிஷ வகுப்பில் இது நடக்காது. தாள் வாடவே நேரம் பிடிக்கும். ஒரு பருவம் முழுக்க, வாரத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்க வேண்டும். ஒரு கல்லுக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது. கோயில் எந்தத் துறையின் பொறுப்போ, அந்தத் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே கல்லைத் தொட வேண்டும். பழகும்வரை கல்லூரி வளாகத்திலேயே ஒரு பலகைக்கல்லில் எழுத்து வெட்டி வைத்துக்கொள்வது உத்தமம். மதிப்பெண்ணைப் படியின் அழகுக்குக் கொடுக்காமல், எங்கே தவறியது, ஏன் தவறியது என்று மாணவர் எழுதும் குறிப்புக்குக் கொடுக்க வேண்டும்.

மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் காரைக்குடி. கலைப் பிரிவுக்கு நாங்கள் கேட்பது ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நீள மேசை, இரண்டு கட்டுத் தாள், அந்த ஒரு காலைப்பொழுது.

இப்படிக்கு,
கல்வெட்டும் பழங்கணக்கும் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள்,
காரைக்குடி.