ஐந்தாவது அச்சு வேண்டாம், மச்சான்

கிளிநொச்சி
மாசி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஜேர்மனியிலிருந்து உன் மகன் அனுப்பிய காணொளியையும் பார்த்தேன். கணினி சொல்கிறபடி ஓடிச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தின் தலை இப்படியும் அப்படியும் சாய்ந்து, றெஜிபோம் போன்ற ஒரு நுரைக்கட்டியிலிருந்து காரின் முகப்பையே செதுக்கி எடுக்கிறது. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "காசு நான் தருகிறேன் அப்பா, ஐந்து அச்சு இயந்திரமே வாங்குங்கள்" என்று அவன் சொன்னதும் நீ அரை மனதாகத் தலையாட்டிவிட்டு என்னிடம் யோசனை கேட்கிறாய். பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வேண்டாம். கோபிக்காமல் மிச்சத்தையும் படி.

இங்கே காலபோக அறுவடை முடிந்து நெல் விலையைப் பற்றிய புலம்பல் தொடங்கிவிட்டது. மூத்தவள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்திருக்கிறாள். பின்னேரங்களில் பட்டறைக்கு வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாளென்றால் சாப்பாட்டுக்கும் எழும்ப மாட்டாள். நாங்கள் செய்த கோயில் குதிரை வாகனத்தின் தலைக்கான வரைபடத்தில் பாதி அவள் கைவண்ணம்தான். என் முழங்கால் பழையபடிதான் இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். எட்டடிக்கு நாலடி மேசை, மூன்று அச்சு, கூடவே ஒரு சுழல் அச்சு. பிட், அதாவது வெட்டும் அலகு, இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று நகரும் திசைகள் மூன்று. சுழல் அச்சு, கடைசல் இயந்திரத்தைப் போல மரத்தை இரண்டு முனையிலும் பிடித்து, சொன்ன பாகைக்குத் திருப்பித் தரும். அது நாலாவது. மகன் காட்டிய இயந்திரத்தில் பொருள் அசையாது. பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் தலையே திரும்பும், சாயும். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் ஐந்து. எனக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு கதவு, கட்டில் தலைப்பலகை, சமையலறை அலுமாரி, கடைப் பெயர்ப்பலகை. இவற்றுக்கு மூன்று அச்சே தாராளம். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எண்களால் ஓடும் இயந்திரத்தை முதலில் இயக்கிக் காட்டியபோதும் மூன்று அச்சுத்தான். அந்த யோசனைக்கு வித்திட்ட ஜோன் பார்சன்ஸ் ஹெலிகொப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த மனிதர். பறக்கிற சாமானில் ஆரம்பித்தவர்களே மூன்றோடுதான் ஆரம்பித்தார்கள்.

நாலாவது அச்சு எனக்குச் சோறு போட்டது கோயில் வேலையில். வேம்பில் ஒரு குதிரை வாகனத்தின் தலையும் கழுத்தும் செய்தோம். மேலிருந்து நேரே இறங்குகிற பிட்டுக்குத் தாடையின் அடி எட்டாது, காதின் பின்பக்கமும் எட்டாது. கட்டையைச் சுழல் அச்சில் பூட்டிக் கீழ்ப்பக்கத்தை மேலே கொண்டுவந்தால் இரண்டும் எட்டும். பிடரி மயிர் சுருள் சுருளாக இறங்கும் இடத்தில் கட்டை திரும்பத் திரும்ப, பிட் அதன்மேல் ஓடிக்கொண்டே இருந்தது. பார்க்க வந்த ஐயர் நெடுநேரம் போகாமல் நின்றார். மிஞ்சியது மூக்குத் துவாரமும் வாயின் உட்புறமும். நியாயமாகப் பார்த்தால் அங்கேதான் ஐந்து அச்சுக்கு வேலை. நான் ஆசாரியிடம் கேட்டேன். "அதை எனக்கு விடு. மற்ற இடத்திலும் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு விட்டுவிட்டுத் தா. கண்ணில் மட்டும் மெஷின் படவே கூடாது" என்றார். உளியை எடுத்து உட்கார்ந்தவர் மூக்கை முடித்துவிட்டுத்தான் தேநீர் குடித்தார். அந்த மூக்குக்காகப் பல மடங்கு விலை கொடுக்க நான் ஆயத்தமில்லை.

ஐந்து அச்சைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே. அதன் நல்ல குணம் இரண்டும் பெரிய குணங்கள். உருண்டை முனைப் பிட்டின் நட்ட நடு நுனி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அந்தப் புள்ளி வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தட்டையான இடங்களில் மூன்று அச்சு வேலை சொரசொரப்பாக இருப்பதற்கு அது ஒரு காரணம். தலை கொஞ்சம் சாய்ந்தால் நுனி விலகி, விளிம்பு வெட்டும். பொருள் மழமழவென்று வரும். மற்றது, ஆழமான குழிக்குள் தலை சாய்ந்து இறங்குவதால் கட்டையான பிட்டே போதும். நீளப் பிட் நடுங்கும், நடுக்கம் மரத்தில் அலையாக விழும். இதெல்லாம் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் தலை சாயும்போது பிட்டின் நுனி வேறெங்கோ போய்விடும். அதை இருந்த இடத்திலேயே வைத்திருக்க, கட்டுப்பாட்டுக் கணினி மற்ற மூன்று அச்சையும் அதே கணத்தில் நகர்த்த வேண்டும். அதற்குத் தலை திரும்பும் மையத்திலிருந்து நுனிவரை உள்ள நீளம் அதற்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நீளம் 250 மில்லிமீற்றர் என்று வை. சாய்வில் பாகையின் பத்திலொரு பங்கு பிசகினால் நுனியில் 0.44 மில்லிமீற்றர் பிசகும். ஒரு தடவை தலை எங்காவது முட்டினால் எல்லாவற்றையும் மறுபடி அளந்து சீர் செய்ய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவரை உன் பேசாலைக்கு யார் கூட்டிவருவது? கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை இயந்திரத்துக்குத் துணி போர்த்தி வைத்திருப்பாய்.

அதைவிட எனக்குப் பயம் மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்தக் காலம் போய்விட்டது. இப்போதும் காற்றும் மழையும் வந்தால் லைன் கண் சிமிட்டும். மூன்று அச்சில் வேலை நடுவில் நின்றால் பிட்டை நேரே மேலே தூக்கி, தொடக்கப் புள்ளிக்குப் போய்விட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி ஓட்டலாம். ஐந்து அச்சில் பிட் முப்பது பாகை சாய்ந்து ஒரு துவாரத்துக்குள் இருக்கும்போது நின்றுவிட்டதென்று வை. பதறிப்போய் நேரே மேலே தூக்கினால் பிட் முறியும், இல்லாவிட்டால் பொருள் பிளக்கும். எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில் பின்னுக்கு இழுக்க வேண்டும். வேலைக்கு நிற்கிற பையனுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வருமா என்று யோசி.

இன்னொரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயற்கைக் கால் செய்கிற ஒரு நிலையத்துக்கு இப்போது நுரைக்கட்டியில் மிஞ்சிய காலின் உருவம் வெட்டிக் கொடுக்கிறோம். செயற்கைக் காலின் குழிவான மேற்பகுதியை அந்த உருவத்தின் மேல்தான் வார்ப்பார்கள். முன்பு மிஞ்சிய காலுக்குச் சாந்துக்கட்டுப் போட்டு, அதற்குள் சாந்து ஊற்றி, வந்த உருவத்தை அரத்தால் ராவித்தான் வடிவம் எடுத்தார்கள். இப்போது காலை ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். முழங்காற் சில்லுக்குக் கீழே தசைநார் பாரம் தாங்கும், அங்கே உருவத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். முன்னெலும்பின் விளிம்பு பாரம் தாங்காது, அங்கே கொஞ்சம் கூட்டுவார்கள். அந்தத் திருத்தம் அவர்களுடைய கைப்பழக்கம், நான் அதில் தலையிடுவதில்லை. திருத்திய உருவத்தைச் சுழல் அச்சில் வெட்டிக் கொடுப்பதோடு என் பங்கு சரி. கால் காலப்போக்கில் மெலியும், அப்போது பழைய கோப்பைத் திறந்து திருத்திப் புதிதாக வெட்டலாம். வன்னியில் இந்த வேலைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. இதற்கும் நாலு அச்சுப் போதுமாக இருக்கிறது.

இனி உன் படகு. 18 அடி பைபர் படகை வார்க்கும் மோல்டுக்கு மூல உருவம் வேண்டும் என்கிறாய். படகின் வயிறு மோல்டிலிருந்து கழன்று வர வேண்டும், ஆகவே அதில் மேலிருந்து பிட் எட்டாத உள்மடிந்த இடம் இருக்கவே முடியாது. உள்மடிப்பு இல்லாத உருவத்துக்கு ஐந்தாவது அச்சு எதற்கு? அவ்வளவு நீளம் கொள்ளும் இயந்திரம் வைக்க உன் கொட்டிலும் போதாது. இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கு விலாக்களைப் பிளைவுட்டில் என் மேசையிலேயே வெட்டுவோம். நீ அவற்றை நிறுத்தி, பட்டிப் பலகை அடித்து, பூச்சுப் பூசி, நீளக் கட்டையில் அரத்தாள் ஒட்டித் தேய். அந்தத் தேய்ப்பில் உன் கையை மிஞ்ச ஆளில்லை என்று வவுனியாவில் வேலை பழகிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். வெளிநாடுகளில் ஐந்து அச்சு ரௌட்டர் அதிகம் உழைப்பது, ஒரே மாதிரியான பைபர் சாமான்களின் ஓரத்தை நாள் முழுக்க வெட்டித் துளை போடுவதில். நீ வருடத்தில் எத்தனை படகு இறக்குகிறாய்?

காசு இருக்கிறதென்றால் வேறு இடத்தில் போடு. மேசைக்கும் தலையைச் சுமக்கும் குறுக்குப் பாலத்துக்கும் இடையில் உயரம் கூடியதாகப் பார்த்து மூன்று அச்சு வாங்கு, சுழல் அச்சைச் சேர்த்துக் கேள். மின்னழுத்தம் சீராக்கும் கருவியும், கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தனி பற்றரிக் காப்பும் வை. தூசி உறிஞ்சியில் கஞ்சத்தனம் பார்க்காதே. முதிரைத் தூள் தோலில் பட்டால் எரிச்சல் எடுக்கும் என்று உனக்குத் தெரியும், பைபர் தூசி அதைவிடப் பொல்லாதது. உருவம் வரைந்து இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் ஃபியூஷன் மென்பொருள் இலவசம் என்று மகன் சொன்னால், 2020 ஒக்டோபருக்குப் பிறகு அந்த இலவச உரிமத்தில் பல அச்சுகளைச் சேர்த்து ஓட்டும் வசதி இல்லை என்று அவனுக்குச் சொல்.

பழகவரும் பையன்கள் பயத்தில் மெதுவாக ஓட்டுவார்கள், விடாதே. நிமிடத்துக்கு 18,000 சுற்றில், இரண்டு வெட்டு விளிம்புள்ள பிட்டை நிமிடத்துக்கு 6 மீற்றர் ஓட்டினால் ஒவ்வொரு விளிம்பும் 0.17 மில்லிமீற்றர் எடுக்கும். 1 மீற்றருக்குக் குறைத்தால் 0.03கூட வராது. விளிம்பு வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும், பிட் மழுங்கும். நம் பழைய முதலாளி சீவுளிக்குக் கீழே விழுந்த சுருளைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் ஏசுவார், ஞாபகமா? நானும் இப்போது இயந்திரத்துக்குக் கீழே குனிந்து அதையே செய்கிறேன். சீவல் விழுந்தால் பேசாமல் போவேன், மாத்தூள் விழுந்தால் ஏச்சுத்தான்.

மகனுக்கு நானும் தனியாக எழுதுகிறேன், அவன் மனம் நோகாமல். நீ செய்ய வேண்டியது ஒன்று. உன் கரையில் நன்றாக ஓடுகிற படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, இரண்டடிக்கு ஒரு தடவை அகலமும் ஆழமும் அளந்து, கொப்பியில் எழுதி அனுப்பு. நாடாவைத் தொய்ய விடாமல் பிடி. மூத்தவள் கோட்டை இழுத்து வைப்பாள். பிளைவுட்டுக்கு நான் மரக்காலையில் சொல்லி வைக்கிறேன்.

உன் பழைய கூட்டாளி